கணக்கப்பிள்ளை கொண்டுபோன சுரைக்காய்

என் வயதுக்காரர்கள் பலரும் இப்போது மன்னிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறீர்கள். கோயிலில் பார்த்தாலும் அதுதான், செத்த வீட்டில் பார்த்தாலும் அதுதான். "எல்லாம் முடிஞ்சு போன கதை, மனசுல வச்சுக்கிட்டு என்ன செய்யப் போறோம்" என்கிறீர்கள். பல் விழுந்ததும் இப்படி ஒரு நல்ல குணம் வந்துவிடும் போலிருக்கிறது. எனக்கு இன்னும் நாலைந்து பல் மிச்சம் இருக்கிறது. அதனால் நான் மன்னிக்கவில்லை.

யாரை என்று கேட்பீர்கள். எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை. காலையில் பெரட்டுக்களத்தில் நம் அம்மாமாரை வரிசையில் நிறுத்தி, யார் எந்த மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டும் என்று கைத்தடியால் காட்டுவாரே, அந்தக் கணக்கப்பிள்ளைதான். அவர் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது. போனவரைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். நல்லதாக ஒன்று உண்டு, அவருக்குக் குரல் கணீரென்று இருக்கும். அவ்வளவுதான்.

நாங்கள் இருந்தது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேட்டு லயம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். எங்கள் காம்பராவில் அப்பா, அம்மா, அக்கா, நான். முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, பின்னால் கான் என்கிற சாக்கடை வாய்க்கால், கானுக்கு அப்பால் ஆளுக்கு ஒரு துண்டு மண். அதில் அவரை, மொச்சை, கீரை என்று அவரவர் போட்டுக்கொள்வோம். அந்த மண்ணும் தோட்டத்துடையதுதான். நாம் எந்த நாட்டு ஆட்கள் என்றே யாரும் முடிவு செய்யாத காலம் அது. இங்கே கேட்டால் கடல் தாண்டி அங்கே போ என்றார்கள், அங்கே கேட்டால் இங்கே இரு என்றார்கள். நமக்கென்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருந்தது என்றால் அது விதைதான்.

குளிர் மலையில் சுரை வராது என்பார்கள். எங்கள் லயத்தில் வந்தது. அம்மா கானோரம் விதையை ஊன்றி, கொடி தலை தூக்கியதும் ஒரு கொம்பு வழியாகக் கூரைமேல் ஏற்றிவிடுவாள். பகல் வெயிலைத் தகரம் வாங்கி வைத்துக்கொள்ளும், கீழே இருந்து அடுப்புச் சூடும் ஏறும். மார்கழிப் பனியில் மற்றக் கொடிகள் கருகினாலும் அம்மாவின் சுரை கருகாது. பனியைத் தாங்கி நின்ற காயிலிருந்துதான் அடுத்த வருஷத்து விதையை எடுப்பாள். அவள் பிறந்த வீட்டிலும் அப்படித்தான் எடுத்தார்களாம். மழை ஓய்ந்து தை மாதம் பிறந்தால் கூரை முழுக்க வெள்ளைப் பூ. காய் இளம்பச்சை, மேலே பனித்துளி போட்ட மாதிரிப் புள்ளி. நெத்தலிக் கருவாடு போட்டு அம்மா வைத்த சுரைக்காய்க் குழம்பின் வாசம் பீலிக்கரை வரைக்கும் வரும். குடங்களோடு தண்ணீருக்கு நிற்கிற பெண்கள், "ஒங்க வீட்டுல இன்னிக்குச் சொரக்காயா?" என்று என்னைக் கேட்பார்கள்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும்போது தாய் வீட்டு விதையை ஒரு முடிச்சாகக் கட்டி மடியில் வைப்பார்கள். நகை இல்லாமல் போன பெண்கள் ஏராளம். விதை முடிச்சு இல்லாமல் போனால் மட்டும் மாமியார் விடமாட்டாள். "ஒங்காத்தா வீட்டுல ஒரு கொடிகூடப் படரலையா?" என்று ஆயுசுக்கும் குத்திக்காட்டுவாள். அக்காவுக்கு வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்தில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் கல்யாணம் ஒரு வருஷம் தள்ளிப்போயிருந்தது. அக்காவின் மடிக்கு அம்மா வைத்திருந்தது இந்தக் குளிர் தாங்கும் சுரையைத்தான்.

இன்னொரு சுரையும் எங்களிடம் இருந்தது. பேய்ச்சுரை. பார்வைக்கு அதுவும் நல்ல சுரை மாதிரியேதான் இருக்கும், வாயில் வைத்தால் குடலைப் பிடுங்கும் கசப்பு. ஆனால் அதன் ஓடு கெட்டி. காயவைத்துக் குடைந்தெடுத்தால் விதை போட்டு வைக்கக் குடுக்கை கிடைக்கும், கசப்புக்கு எலியும் வாய் வைக்காது. லயத்தின் கோடிக் காம்பராவுக்குப் பின்னால் அதை முன்னதாகவே நட்டு, ஒரே ஒரு காயை விட்டு, மற்றப் பூவையெல்லாம் அம்மா தினமும் கிள்ளிப்போடுவாள். நல்ல சுரையோடு அதன் பூ சேர்ந்தால் நல்லதும் கசந்துபோகும் என்பாள். விட்ட அந்த ஒரு காயின் காம்பில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். யாரும் தெரியாமல் பறித்துச் சமைத்துவிடக் கூடாது என்பதற்காக. எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்குத் துணி கட்டிய காய் என்றாலே பயம்.

கணக்கப்பிள்ளைக்கு இது தெரியாது. மற்ற லயங்களில் விதைக்கு விட்ட வெள்ளரிக்கும் பாகலுக்கும்தான் துணி கட்டுவார்கள். அவர் பார்த்தது அதைத்தான்.

பட்டணத்துக் கிளப்பில் துரைசாணிமார் கூடி ஒரு காய்கறிப் போட்டி வைத்தார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் காய் அனுப்ப வேண்டும் என்று தகவல் வந்தது. கணக்கப்பிள்ளை லயத்துக்கு வந்து, கூரையை அண்ணாந்து பார்த்து, இருப்பதிலேயே பெரிய சுரைக்காயைப் பறித்துக்கொண்டு போனார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு நாள் கழித்து, துரை பங்களாவில் சமைக்கிற அப்பு பீலிக்கரைக்கு வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. காய்க்கு முதல் பரிசு கிடைத்ததாம். நீலக் கரை போட்ட ஒரு எனாமல் பேசினாம். "கணக்கப்பிள்ள தன்னோட ஊர் வெதைன்னு சொல்லித்தான் வாங்கினாரு. தாத்தா காலத்து வெதையாம். தொரசாணி கை குடுத்தாங்க" என்றார் அப்பு.

அம்மா குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பேசினை நானும் பிறகு பார்த்தேன், கணக்கப்பிள்ளை வீட்டு வாசலில் கை கழுவ வைத்திருந்தார்கள். அவ்வளவு வெள்ளையான ஒரு பொருளை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பொய் சொல்லிப் பரிசு வாங்கியவருக்கு ஒரு தொல்லை வந்தது. அவருடைய ஊர் விதை லயத்துக் கூரையில் படர்ந்து கிடந்தால் துரை என்றைக்காவது பார்த்துவிடுவார் அல்லவா? தம் கொல்லையில் போட விதையும் வேண்டும். மாசி மாதம் ஒரு மத்தியானம், தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு நாலு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. அப்பா தவறணைக்குக் குடிக்கப் போயிருந்தார்.

"கூரையெல்லாம் கொடி ஏறித் தகரம் இத்துப்போகுது. தொரை உத்தரவு. ஒரு கொடி இருக்கக் கூடாது. வெட்டுங்கடா!"

வெட்டினார்கள். அந்த ஆட்கள் நம் ஆட்கள்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டு வெட்டினார்கள். கொடி அறுந்து சரசரவென்று விழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. பிஞ்சுகளை எல்லாம் சாக்கில் அள்ளச் சொன்னார். விதைக்கு விட்டிருந்த முற்றிய காயும் கூரையிலிருந்து உருண்டு விழுந்தது. மேல் தோல் மஞ்சளடித்து, பார்க்க ஒன்றுக்கும் உதவாத காய். அக்காவின் மடிக்குப் போக வேண்டிய காய். கணக்கப்பிள்ளை அதைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஓட்டமாக ஓடிக் கோடிக் காம்பராவுக்குப் பின்னால் போய், மஞ்சள் துணி கட்டிய பேய்ச்சுரையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டு நின்றாள்.

கணக்கப்பிள்ளை தட்டிப் பார்த்த காயை விட்டுவிட்டு அங்கே போனார். அம்மா சட்டென்று அவர் காலில் விழுந்துவிட்டாள்.

"சாமி, எல்லாத்தையும் எடுத்துக்குங்க. இந்த ஒண்ண மட்டும் விட்டுடுங்க. எம் மூத்தவளுக்குக் குடுத்து விடணும் சாமி. இதுதான் வெதக்காயி."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அம்மா, அது பேய்ச்..." என்று தொடங்கினேன். காலில் விழுந்து கிடந்தவள் கை எப்படித்தான் நீண்டதோ, என் கெண்டைக்காலில் நகம் பதியக் கிள்ளினாள். நான் வீலென்று அழுதேன். நானும் விதைக்காகத்தான் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

கணக்கப்பிள்ளை சிரித்தார். "கடையில பாக்கெட்டு வெத விக்குது. வாங்கிக் குடுத்து அனுப்பு" என்று சொல்லிக் காயைக் காம்போடு அறுத்து, மஞ்சள் துணியோடு தாமே கையில் ஏந்திக்கொண்டு போனார். போகிற வழியில் முற்றிய காய் காலில் இடறியது. ஒரு உதை விட்டார். அது கானில் விழுந்து வாய் பிளந்தது.

அவர் தேயிலைக்குள் இறங்கி மறையும் வரை அம்மா விம்மிக்கொண்டே இருந்தாள். மறைந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கானில் இறங்கி, பிளந்த காயை மடியில் வாரிக்கொண்டு வந்தாள். விதைகளைக் கழுவி, சாம்பலில் புரட்டி, அடுப்புக்கு மேலே பரணில் உலர வைத்தாள். எனக்கும் அக்காவுக்கும் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"யார்கிட்டயாவது வாய் தொறந்தீங்க, நாக்க இழுத்து வச்சு அறுத்துப்புடுவேன்."

அப்பாவிடமும் சொல்லவில்லை. அப்பாவிடம் ஒன்றைச் சொன்னால் அது தவறணையில் போய்த்தான் நிற்கும். அவர் காதுக்கு எட்டியது வேறு கதை, பெண்டாட்டி ஒரு சுரைக்காய்க்காகக் கணக்கப்பிள்ளை காலில் விழுந்து கதறினாள் என்பது. வந்து குதித்தார். "மானத்த வாங்கிட்டியேடி! நாளைக்கு பெரட்டுல நான் எப்படி நிமிந்து நிப்பேன்?" அப்படி அவமானம் தாங்காதவர் நேராகப் போய்க் கணக்கப்பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? கேட்டால் பத்துச்சீட்டைக் கையில் கொடுத்துத் தோட்டத்தை விட்டு விரட்டிவிடுவார்கள் என்ற பயம். பயத்தை எல்லாம் அம்மாமேல் கோபமாகக் காட்டினார். அன்றைக்கு அப்பா பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் எனக்கும் பட்டது. லயத்துப் பெண்களும் அம்மா வரும்போது பேச்சை நிறுத்தினார்கள். ஒரு வருஷம் அம்மா அந்த அலட்சியத்தை எல்லாம் வாங்கிக்கொண்டு கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஐப்பசியில் கணக்கப்பிள்ளை தம் வீட்டுக் கொல்லையில் விதை போட்டார். பந்தல் போடவும், மாட்டுச் சாணம் சுமக்கவும் லயத்துப் பெண்களைக் கூப்பிட்டார். யாருக்கும் போக மனமில்லை. அம்மா முதல் ஆளாகப் போனாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கூடை கூடையாகச் சாணம் கொட்டி, மூட்டம் போட்டுக் குளிர் காத்து, கொடியின் ஒவ்வொரு கையையும் பந்தலில் எடுத்துக் கட்டினாள். தன் பிள்ளையைக்கூட அம்மா அப்படி வளர்க்கவில்லை. கொடி நன்றாகத்தான் வந்தது, வராமல் என்ன?

"பாத்தியா, கை ராசி," என்றாள் கணக்கப்பிள்ளையின் மனைவி.

"எல்லாம் ஐயாவோட ராசிங்க" என்றாள் அம்மா.

அந்தத் தை மாதம் தோட்டத்தில் ஒரே பேச்சு. பழைய கண்டாக்கையா வேலையை விட்டுப் போகிறார், அந்த இடம் கணக்கப்பிள்ளைக்குத்தான் என்று. கணக்கப்பிள்ளைமாருக்கெல்லாம் மேலே, துரைக்கு அடுத்தபடி கண்டாக்குதான். அதை எப்படியாவது பிடித்துவிட வேண்டும் என்று, துரையையும் துரைசாணியையும் ஒரு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தம் வீட்டுக்கு அழைத்தார். பரிசு வாங்கிய சுரையைச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று துரைசாணி ஆசைப்பட்டாராம். கொடியில் காய்த்த முதல் காய் சாமிக்கும் துரைக்கும்தான் என்று, அதுவரை ஒரு பிஞ்சைக்கூட யாரையும் தொடவிடவில்லை.

அன்றைக்குக் காய் வெட்டவும் தேங்காய் அரைக்கவும் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பின்கட்டில், வாசற்படிக்கு வெளியே எங்களுக்கு இடம். உள்ளே வரக் கூடாது, ஆனால் நாங்கள் அரைத்தது உள்ளே போகலாம். காய் வந்தது. வழவழவென்று, நல்ல பருமன். அம்மா அருவாமனையில் வைத்து இரண்டாகப் பிளந்தாள். என் காதருகே குனிந்து, "வெரல வாயில வைக்காத" என்றாள்.

பிறகு அம்மா ஒரு காரியம் செய்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் அவள்மேல் எனக்கு மதிப்பு ஏறுகிறது. கையில் ஒரு சின்னத் துண்டை எடுத்துக்கொண்டு கணக்கப்பிள்ளையின் மனைவியைக் கூப்பிட்டாள்.

"அம்மா, சொரைய அடுப்புல ஏத்துறதுக்கு முந்தி எங்க பக்கம் ஒரு துண்டு கடிச்சுப் பாத்துக்குவோம். கசக்குதா என்னான்னு. பாத்துடட்டுங்களா?"

அந்த அம்மாளுக்கு வந்ததே கோபம்!

"சாமிக்குப் படைக்கிறதுல ஒன் எச்சிய வைக்கப் போறியா? லயத்துப் புத்தி போகுதா பாரு. கீழ போடு அத!"

"சரிங்கம்மா" என்று அம்மா துண்டைக் கீழே போட்டாள். கையை மூன்று தடவை கழுவினாள்.

சுரைக்காய்க் கூட்டு கொதித்தது. படைக்கும் முன் ருசி பார்க்கக் கூடாது என்பது அந்த வீட்டு ஆசாரம், அதனால் உப்புக்கூடப் பார்க்கவில்லை. சாமிக்குக் கற்பூரம் காட்டினார்கள். பிறகு முன்னறையில் மேசை போட்டுத் துரைக்கும் துரைசாணிக்கும் பீங்கானில் பரிமாறினார்கள். பின்கட்டுக் கதவிலிருந்து பார்த்தால் முன்னறை நேராகத் தெரியும். நான் அம்மிக் குழவியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றார். தாத்தா காலத்து விதை என்று மறுபடியும் தொடங்கினார்.

துரைசாணி ஒரு கரண்டி நிறைய எடுத்து வாயில் வைத்தார்.

முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்து, கைக்குட்டையில் துப்பிவிட்டு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். துரை என்னவோ என்று நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் கோழிகள் பறந்தன. கணக்கப்பிள்ளைக்கு நம்பிக்கை வரவில்லை. "இருக்காதுங்க தொரை, இருக்காது" என்று கையாலேயே ஒரு பிடி அள்ளித் தம் வாயில் போட்டார். துரை முன்னால் துப்ப முடியுமா? விழுங்கினார். விழுங்கிய வேகத்தில் வாசலுக்கு ஓடினார். நீலக் கரை போட்ட பேசினில்தான் வாந்தி எடுத்தார்.

வாயைத் துடைத்துக்கொண்டு நேராகப் பின்கட்டுக்கு வந்தார். "விஷத்த வச்சிட்டியாடி!" என்று அம்மாவின் மயிரைப் பிடிக்கக் கை ஓங்கினார். அதற்குள் துரை பின்னாலேயே வந்து நின்றார். அவருக்குத் தமிழ் தெரியும், நம்மை ஏசுவதற்காகவே கற்றுக்கொண்ட தமிழ்.

"யார் விதை இது?" என்றார்.

கணக்கப்பிள்ளை என்ன சொல்வார்? அம்மாவுடையது என்று சொன்னால் பரிசு பொய். தம்முடையது என்றால் கசப்பும் அவருடையது.

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து நின்றாள். "எங்க வெத இல்லீங்க தொரை. எங்க கொடியையெல்லாம் ஐயா போன மாசியே வெட்டிப் போட்டுட்டாருங்க. தொரை உத்தரவுன்னு சொன்னாருங்க. இது அவரு தாத்தா காலத்து வெதைங்க."

"நான் எப்போ உத்தரவு குடுத்தது?" என்றார் துரை.

கண்டாக்கு வேலைக்கு வேறு தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். பென்ஷன் வாங்குகிற நாள் வரைக்கும் இவர் கணக்கப்பிள்ளையாகவே இருந்தார். பெரட்டுக்களத்தில் அம்மாவுக்கு மலை பிரிக்கும்போது மட்டும் கைத்தடி வேறு பக்கம் பார்க்கும். என் வயிறு குளிரும்.

அன்று சாயங்காலம் அப்பா அம்மாவுக்கு எதிரே வந்து குந்தினார். "தெரிஞ்சுதான் கால்ல விழுந்தியா?" என்று கேட்டார்.

"பின்னே? அந்த ஆளு கும்புட்டுக் கேட்டாக் குடுக்கமாட்டான். இத எடுத்துக்குங்கன்னு நீட்டியிருந்தா ஒருவேள விட்டுட்டுப் போயிருப்பான்" என்றாள் அம்மா. ஒரு வருஷம் தன்னோடு சரியாகப் பேசாத புருஷனுக்கு அவள் அதற்கு மேல் விளக்கம் சொல்லவில்லை. சோற்றைப் போட்டு நகர்த்தி வைத்தாள். அப்பா தலை குனிந்து சாப்பிட்டார்.

வைகாசியில் அக்கா கல்யாணமாகிப் போனாள், மடியில் விதை முடிச்சோடு. என் முறை வந்தபோது அம்மா எனக்கும் கொடுத்தாள். நான் ஹட்டன் பக்கம் குடிவந்து, மண் வாங்கி வீடு கட்டி, இன்றைக்கும் கூரையில்தான் ஏற்றுகிறேன்.

போன மாதம் ஒரு பையன் தேடிக்கொண்டு வந்தான். படித்த பையன், நல்ல மரியாதை. மலையகத்துப் பழைய காய்கறி விதைகளைச் சேர்த்துப் பாதுகாக்க இப்போதுதான் தொடங்கியிருக்கிறானாம், பனி தாங்கும் சுரையைப் பற்றிக் கேள்விப்பட்டானாம். எந்த ஊர் தம்பி என்று கேட்டேன். தோட்டத்தின் பெயரைச் சொல்லி, தன் தாத்தா அங்கே கணக்கப்பிள்ளையாக இருந்தவர் என்றான். தேத்தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தான் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. என் அக்காதான் என்ன செய்தாள்?

கூரை ஓரத்தில் முற்றிய காய் இரண்டு தொங்கியது. அதைத் தொடாமல், நகம் வைத்தால் உள்ளே இறங்குகிற பிஞ்சாகப் பார்த்து ஒன்றைப் பறித்தேன். பிஞ்சில் இருக்கும் விதை வெறும் தோல்தான், மண்ணில் போட்டால் மக்கிப்போகும். அவனுக்கு அது தெரியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"உள்ளுக்கு விதை இருக்குங்களா பாட்டி?" என்று கேட்டான்.

"இருக்கு தம்பி, வெட்டிப் பாரு" என்றேன்.